நன்னீர் ஆமைப் பாதுகாப்புக்கு முதல் நல்கை விண்ணப்பம்: திட்டமும் பட்ஜெட்டும் எப்படி இருக்க வேண்டும்?

துறைமேடு

வணக்கம். பதிவு செய்யப்பட்ட சிறிய அறக்கட்டளை ஒன்றின் சார்பில் கேட்கிறேன். ஆற்று மணல்திட்டுகளில் முட்டையிடும் ஒரு நன்னீர் ஆமைக்காக முதன்முறையாக வெளி நல்கைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஐயுசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் அது ‘அருகிய இனம்’. எடுத்துக்கொண்ட ஆற்று நீளம் சுமார் 12 கிலோமீட்டர், அதற்குள் ஐந்து மணல்திட்டுகள்.

தெரிந்த சிக்கல்கள் நான்கு. முட்டைகளை ஆட்கள் எடுத்துப் போகிறார்கள். நாயும் நரியும் குழிகளைத் தோண்டுகின்றன. இரண்டு திட்டுகளில் மணல் அள்ளப்படுகிறது. செவுள்வலையில் பெரிய ஆமைகள் மாட்டிச் சாகின்றன.

வரைவில் இப்போது இருப்பவை: கரையோரம் ஒரு பொரிப்பகம், முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்தல், குஞ்சுகளை ஓராண்டு தொட்டியில் வளர்த்து ஆற்றில் விடுதல், பள்ளிகளில் விழிப்புணர்வு நிகழ்ச்சி. இரண்டு ஆண்டுத் திட்டம், 25,000 டாலர்.

இந்த அளவுக்கு எந்த நிதியங்கள் பொருந்தும்? திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்? பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது? இரண்டு ஆண்டு முடிவில் எதைக் காட்டினால் நம்புவார்கள்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி.


நல்கைமேசை

விண்ணப்பத்தை வாசித்து மதிப்பெண் போடுகிறவர் முதலில் தேடுவது ஒரு தொடர்பைத்தான். இனம் எதனால் குறைகிறது, நீங்கள் செய்யப்போகும் வேலை அந்தக் காரணத்தை எப்படித் தொடுகிறது, தொட்டதை எதை அளந்து காட்டுவீர்கள் என்பது அது. இந்த மூன்றும் கோர்வையாக இருந்தால் மொழி சுமாராக இருந்தாலும் தேறிவிடும். கோர்வை இல்லையென்றால் எவ்வளவு அழகான படங்கள் வைத்தாலும் தேறாது.

உங்கள் வரைவில் அந்தக் கோர்வை தொடக்கத்திலேயே விட்டுப்போகிறது. நான்கு அச்சுறுத்தல் சொல்கிறீர்கள், ஆனால் பணம் முழுக்க முட்டை இழப்புக்கே போகிறது. வலையில் சாகும் பெரிய ஆமைக்கு ஒரு வரி இல்லை. மணல் அள்ளும் இரண்டு திட்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்கையும் தீர்க்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. எதைத் தொடுகிறீர்கள், எதைத் தொடவில்லை, ஏன் என்று நீங்களே எழுதிவிட வேண்டும். மணல் அள்ளுவது உரிமம் பெற்று நடக்கிறதா, உரிமம் இல்லாமலா என்பதையும் சொல்லுங்கள். உரிமம் பெற்றதென்றால் அது அதிகாரிகளிடம் பேசித் தீர்க்க வேண்டிய வேலை, களப்பணியாளர் தீர்க்க முடியாது. அதை இந்த நல்கையின் எல்லைக்கு வெளியே வைத்து, மற்ற மூன்று திட்டுகளை வேலைக்களமாக எடுப்பது நேர்மையான வடிவம்.

சிவப்புப் பட்டியல் பற்றி ஒன்று. ‘அருகிய இனம்’ என்ற பெயரோடு நிறுத்தாமல், எந்த அளவுகோலின் கீழ் அந்த வகைக்குள் வந்தது, மதிப்பீடு செய்த ஆண்டு எது என்று குறிப்பிடுங்கள். ‘ஏ’ அளவுகோல் என்றால் எண்ணிக்கைச் சரிவு. 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் 50 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அருகிய இனம், 80 சதவீதம் என்றால் மிக அருகிய இனம். ‘பி’ என்றால் பரவல் சுருங்கியது. பரவல் எல்லை 5,000 சதுர கிலோமீட்டருக்குள் இருந்து, துண்டுபட்டிருப்பது, தொடர்ந்து சரிவது போன்ற கூடுதல் நிபந்தனைகளும் சேர்ந்தால் அருகிய இனம். இது ஏன் முக்கியம்? மூன்று தலைமுறைச் சரிவால் பட்டியலுக்கு வந்த ஆமைக்கு, அந்தச் சரிவை உண்டாக்கியது எது என்பதற்குத்தான் உங்கள் திட்டம் பதில் சொல்ல வேண்டும். மதிப்பீடு 10 ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் பட்டியலே அதைப் ‘புதுப்பிக்க வேண்டியது’ என்று குறித்திருக்கும். அப்படியானால் உங்கள் களத்தரவை ஐயுசிஎன்னின் ஆமை வல்லுநர் குழுவுக்குக் கொடுப்போம் என்று ஒரு வரி சேருங்கள். செலவில்லாத, ஆனால் மதிப்புள்ள வெளிப்பாடு அது.

இனி நிதியங்கள். முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதியம் 2008இல் அறிவிக்கப்பட்டது. ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 25,000 டாலர், குறிப்பிட்ட ஓர் இனத்தை மையமாக வைத்த களவேலைக்கே கொடுக்கிறது. உங்களுக்குப் பொருந்தும். ஆனால் உச்சவரம்பு என்பதற்காக அதையே கேட்காதீர்கள். முன் வேலை எதுவும் காட்ட முடியாத அமைப்பு முழுத் தொகை கேட்கும்போது வாசகருக்கு முதலில் வரும் சந்தேகம் நிர்வாகத் திறன் பற்றியது.

பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை படிப்படியாக ஏறும் முறை. முதல் நல்கை, இரண்டாவது, பிறகு பூஸ்டர், கடைசியில் கம்ப்ளீஷன். முந்தையதன் இறுதி அறிக்கை ஏற்கப்பட்டால்தான் அடுத்த படி. பட்ஜெட் பவுண்டில், பணத்தின் பெரும்பகுதி களத்தில் செலவாக வேண்டும், மூன்று பரிந்துரையாளர்கள் தேவை. முதல் ஆண்டு அடிப்படைக் கணக்கெடுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு.

டர்ட்டில் கன்சர்வேஷன் ஃபண்ட், 2002 முதல், நிலத்து ஆமைகளுக்கும் நன்னீர் ஆமைகளுக்கும் மட்டுமே. தொகை சிறியதாக இருந்தாலும் படிப்பவர்கள் ஆமை அறிந்தவர்கள், அவர்களிடமிருந்து வரும் கேள்விகளே திட்டத்தைச் செப்பனிடும். ஜிஇஎஃப் (உலகச் சுற்றுச்சூழல் நிதியம்) சிறுநல்கைத் திட்டம், 1992 முதல் யுஎன்டிபி (ஐநா வளர்ச்சித் திட்டம்) வழியாக நடப்பது, சமூக அமைப்புகளுக்கானது. நாட்டு ஒருங்கிணைப்பாளரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு செய்வது தேசிய வழிநடத்தல் குழு. மீனவரோடு சேர்ந்து செய்யும் பகுதியை இதற்குக் கொண்டு போகலாம்.

2000இல் தொடங்கிய சிஇபிஎஃப் (நெருக்கடியிலுள்ள சூழல்மண்டலங்களுக்கான கூட்டு நிதியம்) பற்றிப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உலகில் 36 உயிர்ப்பன்மைச் செறிவிடங்கள் உண்டு. வேறெங்கும் இல்லாத ஓரிடத் தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருந்து, மூல இயற்கைத் தாவரப் போர்வையில் 30 சதவீதமோ அதற்குக் குறைவோ எஞ்சியிருப்பதுதான் அளவுகோல். அவற்றுள் அந்த நேரத்தில் எந்தப் பகுதிக்கு முதலீடு திறந்திருக்கிறதோ அங்கே மட்டுமே சிஇபிஎஃப் பணம் கிடைக்கும். அந்தப் பகுதிக்கான சூழல் விவர அறிக்கையில் உள்ள எந்த உத்திக்கு உங்கள் வேலை பொருந்துகிறது என்று முதல் கடிதத்திலேயே சொல்ல வேண்டும். சொல்லாத கடிதம் அங்கேயே நின்றுவிடும். விட்லி விருது போன்றவை ஏற்கெனவே பல ஆண்டு பலன் காட்டிய தலைவர்களுக்கானவை, இப்போது நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டு இடத்தில் ஒரே சமயம் விண்ணப்பிக்கலாம், அதை இருவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒரே செலவு வரியை இருவர் பட்ஜெட்டிலும் வைப்பதுதான் குற்றம்.


ஓட்டுயிர்

பொரிப்பகம் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டம் தேறுவதும் தோற்பதும் அங்கேதான்.

ஆமை மெதுவாக முதிர்ந்து நீண்ட காலம் வாழ்கிற உயிர். பல நன்னீர் இனங்கள் முதல் முட்டை இடுவதற்கே 10 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆயிரக்கணக்கான முட்டை வீணாவதை அந்த வாழ்க்கை முறை தாங்கும், முதிர்ந்த பெட்டைகள் ஆண்டுதோறும் சில சாவதைத் தாங்காது. டெபோரா க்ரவுஸும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் பெருந்தலைக் கடலாமைக்குச் செய்த கணக்கு இதை வெளிச்சமாக்கியது: முட்டைகள் நூற்றுக்கு நூறு தப்பினாலும் கூட்டம் சரிவது நிற்காது, வளர்ந்த இளம் ஆமைகள் வலையில் சாவதைக் குறைத்தால் நிற்கும். இறால் இழுவலைகளில் ஆமை வெளியேறும் பொறி பொருத்த வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்த்தது இந்தக் கணக்குதான். ஆமை தெரிந்த எந்த மதிப்பீட்டாளரும் இதை மனதில் வைத்துத்தான் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பார். செவுள்வலையில் பெரியவை சாகின்றன என்று நீங்களே எழுதிவிட்டு முட்டையை மட்டும் பிடித்துக்கொண்டால் அவர் கேள்வி அங்கேயே எழும்.

பொரிப்பகத்தில் என்ன கெட்டுப்போகும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான ஆமைகளில் பால் தீர்மானமாவது முட்டை அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் உள்ள வெப்பத்தால். பொதுவாகச் சூடு கூடினால் பெட்டை, குறைந்தால் ஆண். இரண்டும் சமமாகும் வெப்பநிலை பல இனங்களில் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், ஒன்றிரண்டு டிகிரி மாறினாலே விகிதம் ஒருபக்கம் சாய்ந்துவிடும். நிழல் இல்லாத மணற்படுகையில் எல்லா முட்டையையும் ஒரே ஆழத்தில் புதைத்தால் ஆண்டுக்கணக்கில் ஒரே பாலாகவே விட்டுக்கொண்டிருப்பீர்கள். மென்னோட்டு ஆமைகளில் பால் மரபணுவால் தீர்மானமாவதால் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் இனம் எந்தக் குடும்பம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டையை இடம் மாற்றியே தீர வேண்டும் என்றால், இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் அது செத்துப்போகும். எடுக்கும்போதே மேல்பக்கத்தைப் பென்சிலால் குறித்து, அதே பக்கம் மேலிருக்க, அதே ஆழத்தில் வையுங்கள். காலையில் கண்டெடுத்த குழி எப்போது இட்டது என்று தெரியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல்.

அதனால் என் பரிந்துரை: முட்டையை அதன் இடத்திலேயே காப்பாற்றுங்கள். வெள்ளத்தில் மூழ்கும் என்று உறுதியாகத் தெரிந்த குழிகளை மட்டும் அதே திட்டின் மேட்டுக்கு மாற்றுங்கள். நாய், நரிக்குக் குழியின் மேல் வலைத்தகடு. கண்ணி அளவு குஞ்சு வெளியே வரும் அளவுக்கு இருக்க வேண்டும், விளிம்புகளை வெளிப்பக்கம் மடக்கி மணலுக்குள் புதைத்து முளை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் தோண்டிவிடும். ஆட்கள் முட்டை எடுக்கும் திட்டில் கூண்டு மாதிரி நிமிர்ந்து நிற்பதை வைக்கவே கூடாது, அது குழி எங்கே என்று கை காட்டுகிற வேலை. தட்டையாகப் போட்டு மேலே மணல் தூவுங்கள். ஓராண்டு தொட்டி வளர்ப்பை இந்த நல்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். தீவனம், நீர் மாற்றம், நோய் என்று பணம் அங்கே போய்க்கொண்டே இருக்கும். விடும் குஞ்சு காட்டு ஆமைகளுக்கு நோய் கொண்டுபோகாது என்பதற்குக் கால்நடை மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள்.

எதை அளப்பது? இரண்டு ஆண்டில் ஆமைகளின் எண்ணிக்கை கூடியது என்று காட்ட முடியாது, அப்படி வாக்குக் கொடுத்தாலே மதிப்பெண் குறையும். காட்டக்கூடியவை: கண்டறிந்த குழிகளில் எத்தனை சதவீதம் பொரித்தது, நடந்த ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை குழி, ஒரு வலை ஓர் இரவு கிடந்ததற்கு எத்தனை ஆமை மாட்டியது, அதில் எத்தனை உயிரோடு திரும்பியது. வெறும் எண்ணிக்கை போதாது. முதல் ஆண்டு ஒருவர் நடந்து, இரண்டாம் ஆண்டு நான்கு பேர் நடந்தால் குழி அதிகம் தென்படும், ஆமை அதிகமானதாக அர்த்தமில்லை. ஒவ்வொரு நடைக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆட்கள், தூரம் நான்கும் பதிவாக வேண்டும்.

மூன்று திட்டில் இரண்டில் காவல், ஒன்றில் முதல் பருவம் கண்காணிப்பு மட்டும் என்று வையுங்கள். காவலுக்கு முன்னும் பின்னும், காவல் உள்ள இடமும் இல்லாத இடமும் என்று ஒப்பிட முடியும். காவல் இல்லாத திட்டில் முட்டை போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் ஒரு பருவம் மட்டும்தான், அந்த ஒப்பீடு இல்லாமல் உங்கள் பலனை யாரும் பிரித்தறிய முடியாது.

கருவி வாங்கும்போது ஒன்று. வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும் பொத்தான் அளவுக் கருவிகளில் (வெப்ப லாகர்) 2,048 அளவீடு மட்டுமே கொள்ளுபவை உண்டு. அரைமணிக்கு ஒரு முறை என்று வைத்தால் 42 நாளில் நிரம்பிவிடும், அடைகாலம் முடிந்திருக்காது. ஒரு மணிக்கு ஒன்று என்றால் 85 நாள் வரும். புதைக்கும் முன் எல்லாவற்றையும் ஐஸ் கரைந்த நீரில் ஒன்றாகப் போட்டு 0 டிகிரி காட்டுகிறதா பாருங்கள், விலகலைக் குறித்துவைத்துப் பிறகு கழித்துக்கொள்ளலாம். ஈரம் புகாமல் அடைத்துப் புதைக்க வேண்டும். தானியங்கி கேமரா வெப்ப வேறுபாட்டைத்தான் உணரும், நண்பகலில் மணலும் விலங்கின் உடலும் ஒரே சூட்டில் இருக்கும்போது பல வருகைகளைத் தவறவிடும். அதன் படத்தை மட்டும் வைத்துப் பகலில் நாய் வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.


துறைமேடு

இருவருக்கும் மிக்க நன்றி. பொரிப்பகத்தை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே காப்பது, வலை இழப்பு இரண்டையும் மையமாக்கப் போகிறோம். இதில் இன்னும் சில ஐயங்கள். மீனவர்களுக்கு வேறு வலை வாங்கிக் கொடுக்கப் பட்ஜெட்டில் வைக்கலாமா? முட்டை எடுப்பவர்களையே காவலுக்கு வைப்பது சரியாக வருமா? படகுக்காரர், காவலர் யாரும் ரசீது தரமாட்டார்களே, கணக்கை எப்படிக் காட்டுவது?


கரைக்காவல்

வலை மாற்றுத் திட்டங்களில் வழக்கமாக நடப்பது: புது வலை வாங்கிக்கொள்வார்கள், பழையதும் வீட்டில் இருக்கும், பருவம் பார்த்து இரண்டும் ஆற்றில் இறங்கும். மீன்பிடி கூடியிருக்கும், ஆமைச் சாவு அப்படியே இருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய வலையை எண்ணி வாங்கி அழித்த பிறகே புதியது. அதற்கு முன், பணம் குறைவாகப் பிடிக்கும் வழிகள் இருக்கின்றன. ஆமை சாவது வலையில் மாட்டியதால் மட்டும் இல்லை, மூச்சுவிட மேலே வர முடியாமல் நீருக்கடியில் மணிக்கணக்கில் கிடப்பதால். வலை கிடக்கும் நேரத்தைக் குறைத்து, இடையிடையே தூக்கிப் பார்த்தால் பலவற்றை உயிரோடு விடலாம். முட்டையிடும் பருவத்தில் மட்டும் திட்டை ஒட்டிய நீரில் வலை போடாமல் இருப்பது இன்னொன்று, அதை மீனவர்களே கூடிப் பேசி எல்லை வைத்தால் நிற்கும். எவ்வளவு தூரம், எத்தனை வாரம் என்பதை நீங்கள் விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். ‘முதல் நான்கு மாதத்தில் மீனவர் கூட்டங்களில் முடிவு செய்யப்படும்’ என்று எழுதி, கூட்டங்களுக்குப் பணம் வையுங்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒப்புதல் பற்றிய பேச்சு வர வேண்டும். யார் பணம் தருகிறார்கள், எதற்கு, எத்தனை காலம், அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவர்கள் மொழியில் சொல்லி, நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். பல நிதியங்கள் இந்தக் குறிப்பையே கேட்கும். முட்டை எடுத்தீர்களா என்று நேரடியாகக் கேட்டுப் பெயரோடு எழுதுவது அவர்களுக்கு ஆபத்து, உங்களுக்குப் பொய்யான தரவு. பெயரில்லாமல் கேளுங்கள்.

முட்டை எடுப்பவர்களைக் காவலராக்குவது வேலை செய்யும், ஏனென்றால் குழியைக் கண்டுபிடிக்கும் கண் அவர்களுக்குத்தான் உண்டு. கூலியை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம். முட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் முட்டைக்கு விலை வைத்ததாகிவிடும், வேறு திட்டிலிருந்து எடுத்துவந்தும் கொடுப்பார்கள். கம்போடியாவின் வடக்குச் சமவெளியில் டபிள்யூசிஎஸ் (வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம்) நடத்திய பறவைக்கூடு காவல் திட்டத்தில் காவலருக்கு நாளுக்கு 1 டாலர், குஞ்சுகள் நல்லபடியாகக் கூட்டைவிட்டுப் போனால் அந்த நாட்களுக்குக் கூடுதலாக நாளுக்கு 1 டாலர் என்று பிரித்தார்கள். அடிப்படைக் கூலி ஆளை நிறுத்தும், மீதிப்பாதி பலனைக் காக்கும். நீங்களும் அப்படியே செய்யலாம். வெள்ளம் வந்து குழி போனால் கூடுதல் பங்கு உண்டா இல்லையா என்பதை முதல் நாளே எழுத்தில் வையுங்கள், தகராறு பெரும்பாலும் அதில்தான் வரும். குழியைச் சரிபார்ப்பவர் காவலராகவோ அவர் உறவினராகவோ இருக்கக் கூடாது.

இதன் பலவீனமும் தெளிவு: நல்கை நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் காவல் நிற்கும். விண்ணப்பப் படிவத்தில் ‘நல்கைக்குப் பிறகு’ என்ற கேள்விக்கு ‘மேலும் நிதி தேடுவோம்’ என்று எழுதினால் அது பதிலாகாது. வலைக் கட்டுப்பாடு மீனவர் சங்க விதியாவது, காவல் நாட்களைப் பருவத்தின் உச்ச வாரங்களுக்கு மட்டும் குறைப்பது, ஆண்டுச் செலவு இவ்வளவுதான் என்று கணக்குக் காட்டுவது, இவை மூன்றும் பதில்.


வரவேடு

பட்ஜெட்டுக்கு வருகிறேன். முதல் ஆண்டைத் தனி நல்கையாக எடுத்தால் ஏறத்தாழ இப்படி வரும்: காவலர் கூலி 36 சதவீதம், களப் பொறுப்பாளரின் பகுதிநேரச் சம்பளம் 18, படகும் எரிபொருளும் 12, வலைத்தகடு, லாகர், கேமரா 11, மீனவர் கூட்டங்கள் 7, அனுமதி, பயிற்சி, காப்பீடு 6, கணக்குத் தணிக்கை 4, வங்கி மற்றும் நாணய மாற்று இழப்பு 3, அறிக்கை அச்சு 3. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கருவிகள் 30 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி வரும். கூலியும் சம்பளமும் அதிகமாக இருப்பது தவறில்லை, ஆனால் ஒவ்வொரு ஆளும் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று பெருக்கிக் காட்டியிருக்க வேண்டும். ‘பணியாளர்: மொத்தம்’ என்று ஒரே வரியில் போட்ட பட்ஜெட்டை நம்பி யாரும் பணம் தர மாட்டார்கள்.

நிர்வாகச் செலவு வீதம் நிதியத்துக்கு நிதியம் வேறு. சிலர் 10 அல்லது 15 சதவீதம் வரை விடுவார்கள், சிலர் ஒன்றும் விடமாட்டார்கள். விடாத இடத்தில் அலுவலக வாடகையை வேறு பெயரில் ஒளித்து வைக்காதீர்கள், தணிக்கையில் அது தனியாகத் தெரியும். தன்னார்வலர் நேரம், இரவல் படகு போன்றவற்றை உங்கள் பங்களிப்பாகக் காட்டலாம், அதற்கும் நேரப்பதிவேடு வேண்டும்.

நாணய மாற்று: எந்தத் தேதி, எந்த வீதம் என்று பட்ஜெட்டின் அடியில் குறிப்பிட்டு, அதைவிட 3 முதல் 5 சதவீதம் குறைவாகக் கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். வெளிநாட்டுப் பணம் வழியில் உள்ள இடைவங்கியிலும் கழிந்துதான் வரும். அனுப்பும் கட்டணம் முழுவதையும் அனுப்புகிறவரே ஏற்கும் வழி உண்டு, ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போகும். உங்கள் நாட்டில் அறக்கட்டளை வெளிநாட்டு நிதி பெற முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் இருந்தால், விண்ணப்பம் எழுதுவதற்கும் முந்தைய வேலை அதுதான். நல்கை கிடைத்த பிறகு அனுமதி தேடினால் பணம் வாங்க முடியாமல் காலக்கெடு போய்விடும்.

ரசீது தராதவர்களுக்குச் செலவுச்சீட்டு. வரிசை எண், தேதி, பெயர், என்ன வேலை, எத்தனை நாள், தொகை, பெறுபவர் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, பணம் கொடுத்தவர் கையெழுத்து, சாட்சி ஒருவர். காவலர் கூலிக்கு இதோடு அந்த வாரத்து நடைப்பதிவுத் தாளின் நகலை இணைத்துவிட்டால் பணமும் வேலையும் ஒன்றையொன்று உறுதிசெய்யும். எல்லாவற்றையும் மாதக் கடைசியில் படம் எடுத்துத் தனியே சேமியுங்கள், ஆற்றங்கரையில் காகிதம் நனையாமல் இருக்காது.

ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணம் மாற்ற வேண்டி வந்தால், செலவழிக்கும் முன் எழுதிக் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றினால் முன் ஒப்புதல் கட்டாயம். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், கேட்காமல் மாற்றியதைத்தான் திருப்பிக் கேட்பார்கள்.


செதில்

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று: குழிகளின் ஜிபிஎஸ் புள்ளிகளை விண்ணப்பத்திலோ பொதுவில் வரும் அறிக்கையிலோ போடாதீர்கள். இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் உள்ள நீள்கழுத்து ஆமை 1994இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதன் பிறகு வளர்ப்புப் பிராணி வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்தே காட்டில் அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அறிக்கைகள் பெரும்பாலும் நிதியத்தின் இணையதளத்தில் ஏறும். வெளியே போகும் வரைபடத்தில் 10 கிலோமீட்டர் கட்டம் போதும், துல்லியமான புள்ளிகள் கடவுச்சொல் போட்ட கோப்பில் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். காவலர் எடுக்கும் கைபேசிப் படங்களிலும் இடக்குறியீடு பதிந்திருக்கும், சமூக வலைத்தளத்தில் ஏற்றும் முன் அதை நீக்கிவிடச் சொல்லிக்கொடுங்கள். இதை ஒரு பத்தியாக விண்ணப்பத்தில் எழுதினால் மதிப்பீட்டாளருக்கும் நம்பிக்கை வரும்.


துறைமேடு

இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னதற்கு நன்றி. கடைசியாக ஒன்று: எப்போது தொடங்கினால் அடுத்த முட்டையிடும் பருவத்தைப் பிடிக்கலாம்? சுருக்கவுரை எப்படி இருக்க வேண்டும்?


நல்கைமேசை

பருவத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதல் குழி தென்படும் வாரத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது காவலர் தேர்வும் பயிற்சியும் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தம், பணம் வந்து சேர்வது என்று ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். முடிவு தெரிய மூன்று முதல் ஆறு மாதம். ஆக, பருவத்துக்கு ஒன்பது மாதம் முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். வனவிலங்கு அனுமதியை அதற்கும் முன் கேட்டு, கேட்ட கடிதத்தின் பெறுகைச் சான்றை இணையுங்கள். இந்தக் கணக்கில் அடுத்த பருவம் தவறுகிறது என்றால் அதற்கடுத்த பருவத்துக்கு எழுதுங்கள். பருவம் முடிந்த மாதத்தில் குழிக் கணக்கெடுப்பு என்று அட்டவணை போட்ட விண்ணப்பத்தில், எழுதியவருக்கு ஆமை தெரியாது என்பது உடனே தெரிந்துவிடும்.

சுருக்கவுரை 150 சொல்லுக்குள். முதல் வாக்கியத்தில் இனம், இடம், எதனால் குறைகிறது. இரண்டாவதில் எந்த இரண்டு காரணத்தைத் தொடுகிறீர்கள். பிறகு எண்ணோடு வேலை: மூன்று திட்டு, இத்தனை காவலர், இத்தனை மீனவக் குடும்பங்களோடு ஒப்பந்தம். கடைசியில் என்ன அளப்பீர்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்ற வாக்கியம் எங்கே வந்தாலும் யாருக்கு, எந்தச் செயல் மாற வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் அந்தப் பதிலை எழுதுங்கள், இல்லையென்றால் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். பள்ளி நிகழ்ச்சியும் அந்தக் கேள்விக்குத் தாங்காது என்றே நினைக்கிறேன், முட்டை எடுப்பதும் வலை போடுவதும் பெரியவர்கள்.

பரிந்துரையாளர்களாகப் பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் ஆற்றையோ உங்கள் இனத்தையோ நேரில் அறிந்தவரைத் தேடுங்கள். ‘நல்ல அமைப்பு, ஆதரிக்கலாம்’ என்ற பொதுக் கடிதத்தால் பயனில்லை. அவருக்கு வரைவை முன்பே அனுப்பி, திட்டத்தின் எந்தப் பகுதியில் தனக்கு ஐயம் உண்டு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணம் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். எல்லோரும் பதில் தருவதில்லை, தருகிறவர்கள் தரும் இரண்டு வரியை வைத்துத் திருத்தி, அனுமதிக்கப்பட்ட அடுத்த சுற்றில் என்ன மாற்றினீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லி மறுபடி அனுப்புங்கள்.